கால் எடுத்தவங்களுக்கும் இடுப்பு மூட்டு தேயும், அதையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மூட்டு மாற்று ஆபரேஷன் பத்தி வந்த பக்கத்தை முழுசா படிச்சேன். யாருக்கு எப்ப பண்ணணும், பண்ணா எப்படி நடக்கலாம்னு எல்லாம் நல்லா எழுதியிருந்தீங்க. ஆனா சுகர்னாலயோ ஆக்சிடென்ட்லயோ ஏற்கனவே ஒரு காலை எடுத்தவங்கள பத்தி ஒரு வரி கூட இல்ல. அவங்களுக்கும் இடுப்பு மூட்டு தேயும் சார், அவங்களுக்கும் அந்த ஆபரேஷன் பண்ணலாம், ஆனா மத்தவங்களுக்கு பண்ற அதே கணக்குல பண்ணா சரியா வராது. எங்க வீட்ல நடந்ததை வச்சு சொல்றேன், தயவுசெஞ்சு போடுங்க.

எங்க வீட்டுக்காரருக்கு லாரி ஆக்சிடென்ட்ல இடது கால் முட்டிக்கு மேலயே போயிடுச்சு, அப்ப அவருக்கு முப்பது வயசு கூட முடியல. செயற்கைக் கால் போட்டுக்கிட்டுதான் பலசரக்கு கடை நடத்தினார், பிள்ளைங்கள படிக்க வச்சார். ஐம்பது தாண்டின பிறகு ஒரு வலி ஆரம்பிச்சுது, எங்க வலிக்குதுன்னு கேட்டா இடது முட்டின்னு சொல்வார். அந்த முட்டிதான் இல்லையே! நாங்க முதல்ல போன இடத்துல, கால் எடுத்தவங்களுக்கு இல்லாத கால் வலிக்கிற மாதிரி தெரியும், பேன்டம் வலின்னு சொல்லி நரம்பு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. அப்படி ஒரு வலி இருக்குறது உண்மைதான், ஆனா மாத்திரை போட்டும் தூக்கம் வரல, கடையில நாலு எட்டு வச்சா உக்காந்துடுவார், நாளாக நாளாக சாக்கெட்டை, அதான் செயற்கைக் காலோட மேல தொடை உள்ள போற கூடு, அதை மாட்டவே பயந்தார். கடைசியில ஒரு பிசியோதெரபி பொண்ணுதான் அவரை மல்லாக்க படுக்க வச்சு மிச்சத் தொடையை, அவங்க பாஷையில ஸ்டம்ப், மெதுவா உள்பக்கமா திருப்பிப் பாத்தாங்க, வார்டே திரும்பிப் பாக்குற மாதிரி கத்திட்டார். உடனே இடுப்புக்கு எக்ஸ்ரே எடுங்கன்னு எழுதிக் குடுத்தாங்க. தொடை எலும்போட உச்சியில இருக்குற பந்துக்கும் அது உக்கார்ற இடுப்புக் கிண்ணத்துக்கும் நடுவுல இடைவெளியே இல்ல, எலும்போட எலும்பு உரசிக்கிட்டு இருக்கு. இடுப்பு மூட்டுக்கு வர்ற நரம்போட கிளை முட்டிக்கும் போகுதாம், அதனால ரெண்டு கால் இருக்குறவங்களுக்கே இடுப்பு கெட்டா முட்டியில வலி தெரியுமாம். கால் இல்லாதவங்களுக்கும் அந்த நரம்பு அங்கதானே இருக்கு. இதை யாராவது முன்னாடியே யோசிச்சிருந்தா அத்தனை மாசம் அவர் கஷ்டப்பட்டிருக்க வேண்டாம்.

இது எங்க வீட்டு கதை மட்டும் இல்லன்னு பிறகுதான் தெரிஞ்சுது. ரெண்டாம் உலகப் போர்ல கால் போன பிரிட்டிஷ் சிப்பாய்ங்கள வயசான காலத்துல எக்ஸ்ரே எடுத்துப் பாத்து 1998ல ஒரு ஆய்வு வந்திருக்கு, கால் போன பக்கத்து இடுப்புல தேய்மானமும் எலும்பு பலவீனமும் அதிகம், அதுலயும் முட்டிக்கு மேல கால் போனவங்களுக்கு ரொம்ப அதிகம்னு அதுல இருக்கு. ஆபரேஷன் பண்ண டாக்டர்தான் இதை எங்ககிட்ட சொன்னார். எலும்பு வெயிட் தாங்கினாத்தான் கெட்டியா இருக்கும், முட்டிக்கு மேல எடுத்தவங்களுக்கு சாக்கெட் போட்டு நிக்கும்போது பாதி வெயிட் உக்கார்ற எலும்பு வழியாவே இறங்கிடுது, தொடை எலும்புக்கு வேலையே குறைஞ்சு போகுது, அதான் எக்ஸ்ரேல அந்தப் பக்கத்து எலும்பு மங்கலாத் தெரியுது. இப்படி இருக்குறவங்க கீழ விழுந்தா அந்த இடுப்பு உடையுறதும் சுலபம்.

ஒரு ஆஸ்பத்திரியில என் முகத்துக்கு நேரா கேட்டாங்க, கால் இல்லாதவருக்கு இடுப்பு மூட்டு மாத்தி என்னம்மா ஆகப் போகுதுன்னு. பேர் சொல்ல விரும்பல. ஆனா அந்தக் கேள்விக்கு பதில் சொல்லணும். அந்தப் பக்கம் அவருக்கு மிச்சம் இருந்த ஒரே மூட்டு அதுதான் சார், கணுக்கால் கிடையாது முட்டி கிடையாது, அந்த செயற்கைக் காலை முன்ன தூக்கி வைக்கிறதும் பின்ன அழுத்தி நிக்கிறதும் எல்லாம் அந்த ஒரு மூட்டுலதான். அது போச்சுன்னா செயற்கைக் காலே வீண், வீல்சேர்தான், அப்புறம் கடை எங்க, வருமானம் எங்க?

பிறகு வேற ஊர்ல ஒரு டாக்டர் ஒத்துக்கிட்டார். அவர் ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்னாடி செயற்கைக் காலை மாட்டிக்கிட்டு வாங்கன்னார். நிக்க வச்சு சாக்கெட்டோட மேல் விளிம்பு எங்க உக்காருதுன்னு தோல்ல மார்க்கர் பேனாவால கோடு போட்டார், தையல் அந்தக் கோட்டுல விழுந்தா நாளைக்கு சாக்கெட் உரசி புண்ணாகிடும்னு. தொடை இடுக்குல இருந்த சின்னக் கட்டி முழுசா ஆறுற வரைக்கும் ஆபரேஷன் கிடையாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார், ஏன்னா அந்தக் கிருமி புது மூட்டுக்குள்ள போச்சுன்னா எல்லாத்தையும் கழட்ட வேண்டி வரும்.

ஆபரேஷன்லயும் நிறைய வித்தியாசம் இருக்கு. மத்தவங்களுக்கு முட்டியையும் பாதத்தையும் புடிச்சு திருப்பித்தான் பந்தை கிண்ணத்துல இருந்து வெளிய எடுப்பாங்களாம், இவருக்கு புடிக்க என்ன இருக்கு, அதனால தொடை எலும்புல ஒரு கம்பியை ஸ்குரு மாதிரி ஏத்தி அதையே கைப்பிடியா வச்சு திருப்புவாங்க. தொடை எலும்புக்குள்ள இறங்குற புது மூட்டோட தண்டு எந்தப் பக்கம் பாத்து உக்காரணும்னு முட்டியை வச்சுத்தான் கணிப்பாங்களாம், அதுவும் இல்ல, எலும்புக்கு பின்னாடி இருக்குற மேட்டை அடையாளமா வச்சு பாக்கணும். கால் நீளம் சரியான்னு குதிகாலை சேர்த்து வச்சுப் பாக்கவும் வழி இல்ல, எக்ஸ்ரேல முன்கூட்டியே அளந்துக்கிட்டு, மிச்ச வித்தியாசத்தை செயற்கைக் கால் பைப்புல சரி பண்றதுதான். சும்மா சொல்லல, இத்தனையையும் ஒரு வெள்ளைத் தாள்ல படம் போட்டு எங்களுக்கு விளக்கினார், அந்தப் பொறுமைக்கு அவருக்கு கோடி புண்ணியம்.

நான் முக்கியமா சொல்ல வந்தது ஆபரேஷனுக்கு அப்புறம் நடந்தது. மூட்டு நல்லா உக்காந்துடுச்சு, வலி போயிடுச்சு, ஆனா சாக்கெட் பொருந்தல. வீக்கம், அதோட படுக்கையில இருந்ததுல சதை வேற இளைச்சு தொடையோட உருவமே மாறிடுச்சு. ஆபரேஷன் ஒரு ஊரு, கால் செய்யுற இடம் வேற ஊரு, இவங்க ரிப்போர்ட் அவங்களுக்கு போகல, அவங்க கேட்ட அளவு இவங்ககிட்ட இல்ல, நாங்கதான் நடுவுல அலைஞ்சோம். அதுவரைக்கும் அவர் வாக்கரை புடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல தத்தித் தத்தி நடந்தார், அதுல நல்லா இருக்குற வலது இடுப்பும் முட்டியும் என்ன பாடுபடும்னு நினைச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, வார்டுல ஒரு நர்ஸம்மா பாவம்னு நினைச்சு ஸ்டம்புக்கு அடியில தலகாணி வச்சாங்க, பிசியோ வந்து எடுத்துப் போட்டாங்க. தலகாணி வச்சா இடுப்பு மடங்கின வாக்குலயே இறுகிடும், அப்புறம் நேரா நிக்கவே முடியாது, முதுகை வளைச்சுத்தான் நிக்கணும். காலை மாட்டுற விதமும் மாறிச்சு. அவர் எப்பவும் ஒரு நீளத் துணியை தொடையில சுத்தி, சாக்கெட்டுக்குள்ள விட்டு, கீழ இருக்குற ஓட்டை வழியா துணியை வெளிய இழுத்துக்கிட்டே தொடையை உள்ள இறக்கி, கடைசியில காத்து போகாம அந்த ஓட்டையை வால்வால மூடுவார், அதுக்கு நல்லா குனியணும். புது இடுப்பை வச்சுக்கிட்டு அப்படி குனிஞ்சா மூட்டு கழண்டுக்கும். கால் செய்யுற தம்பிதான் சுவத்துல கம்பியைப் புடிச்சு நிமிர்ந்து நிக்கச் சொல்லி, துணியை நான் கீழ உக்காந்து இழுக்கணும்னு பழக்கிவிட்டார். டிஸ்சார்ஜ் சீட்டுல சம்மணம் போடாதீங்க, இந்தியன் டாய்லெட் வேண்டாம்னு அச்சடிச்சிருந்துச்சு, இதை பத்தி ஒண்ணும் இல்ல.

கால் இருக்குற பக்கத்து இடுப்பை மாத்துறவங்க கதை வேற, அவங்களுக்கு ஆபரேஷன் பண்ண காலை விட்டா ஊன வேற கால் இல்ல, அதனால செயற்கைக் காலை முன்னாடியே சரி பண்ணி கையில வச்சுக்கிட்டுத்தான் அட்மிட் ஆகணும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, இடுப்பு மூட்டு மாற்றும் அதுல வருது, மாற்றுத்திறனாளிகள் துறையில செயற்கைக் காலும் குடுக்கறாங்க. ரெண்டும் நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லல. ஆனா ரெண்டையும் சேர்க்க யாரும் இல்ல. கால் எடுத்தவருக்கு மூட்டு மாத்த அனுமதி குடுக்கும்போதே புது சாக்கெட்டுக்கும் சேர்த்து எழுதுங்க, தேதி குறிக்கும் முன்னாடி ஆர்த்தோ டாக்டரும் கால் செய்யுறவரும் பிசியோவும் ஒரே அறையில உக்காந்து நோயாளியைப் பாருங்க, நான் கேக்குறது இவ்வளவுதான். வேலூர் சிஎம்சியில, ஆக்சிடென்ட்ல தானே நடக்க முடியாமப் போன டாக்டர் மேரி வர்கீஸ் முயற்சியில 1966லயே மறுவாழ்வு மையம் வந்துடுச்சு, சென்னை கே.கே.நகர்ல அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு, அதனால இது நம்ம மாநிலத்துக்கு தெரியாத வித்தை இல்ல. எங்க மாதிரி தென் மாவட்டத்து ஆளுங்களுக்கும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயே இப்படி சேர்ந்து பாக்குற ஏற்பாடு வேணும்.

அடுத்த தடவை மூட்டு பத்தி எழுதும்போது ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்க சார். கால் எடுத்தவங்க ஸ்டம்ப் வலி, இல்லாத முட்டி வலின்னு போனா இடுப்புக்கும் ஒரு எக்ஸ்ரே கேட்டு வாங்கட்டும், அதையும் ஸ்டம்போட நுனி வரைக்கும் முழு எலும்பும் தெரியுற மாதிரி எடுக்கச் சொல்லணும், எவ்வளவு எலும்பு மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் எந்த நீளத்துல தண்டு வைக்கிறதுன்னு டாக்டர் முடிவு பண்ண முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர் மாவட்டம்