ஐயாவின் பாடல்களைப் பாடப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஐயாவின் பாடல்களை மட்டும் கொண்டு உங்கள் குழு ஒரு முழு இசைத்தொகுப்புச் செய்யப்போகிறது என்று அறிந்து மகிழ்ந்தேன். 1970களில் நம் திருகோணமலையின் பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் தங்கள் பொப் பாடல்களை இசைத்தட்டில் ஏற்றினார்கள். ஐயாவும் அந்தக் காலத்தில் பாட்டெழுதியவர்தான். ஆனால் அவருடைய பாடல்கள் திருவிழா மேடைகளோடும் கல்யாண வீடுகளோடும் நின்றுவிட்டன.

நீ அனுப்பிய மாதிரிப் பதிவுகளைக் கேட்டேன். எனக்குச் சிக்கல் பாதைப் பாட்டில்தான் (ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவையைத்தானே பாதை என்போம்). கிண்ணியாவுக்குப் போகவேண்டியவன் கடைசிப் பாதையைத் தவறவிட்டு இக்கரையில் நிற்கிறான். அவ்வளவுதான் அந்தப் பாட்டு. 2009இல் பாலம் திறந்த பிறகு பாதை ஏது, இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது என்று அந்தச் சரணத்தையே நீக்கிவிட்டு, அங்கே கீபோர்டில் ட்ரம்பெட் சத்தத்தை நிரப்பியிருக்கிறீர்கள். வள்ளமும் இல்லாமல் கரையில் நிற்பவனுக்கு எதற்குத் தம்பி ட்ரம்பெட்? புரியாத பிள்ளை தாத்தாவிடம் கேட்கட்டுமே.

ஹொலிஸ் என்ற மன்செஸ்டர் குழு 1969இல் பொப் டிலானின் பாடல்களை மட்டும் பாடி ஒரு தொகுப்பு வெளியிட்டது. குழுவில் இருந்த கிரஹாம் நாஷுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. டிலானின் எளிய பாட்டு ஒன்றுக்கு இவர்கள் பெரிய வாத்தியக் கோஷ்டியை வைத்துப் பளபளப்பு ஏற்றியதும் அவருக்குக் கசந்தது. 1968 டிசம்பரில் அவர் குழுவை விட்டு விலகியதற்கு இதுவும் ஒரு காரணம். தொகுப்போ பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏறியது. ஆகவே விற்காது என்று உன்னைப் பயமுறுத்த மாட்டேன். விற்கும். ஆனாலும் நான் நாஷின் பக்கம்.

அடுத்த ஆண்டே ஹாரி நில்சன் என்ற அமெரிக்கப் பாடகர், ரான்டி நியூமன் எழுதிய பாடல்களை மட்டும் பாடி ஒரு தொகுப்பு வெளியிட்டார். பியானோவில் உட்கார்ந்தவர் நியூமனேதான். பெரிதாக விற்கவில்லை. ஆனால் எழுதியவரின் விரல் எங்கே தயங்குகிறது, எங்கே ஓடுகிறது என்பதை அதில் கேட்கலாம்.

உனக்கும் அந்த வாய்ப்பு இருக்கிறது. ஐயாவை ஆர்மோனியத்தோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துப் போ. பல்லவியை பைலா ஆட்டத் தாளத்தில் ஓட்டிவிட்டு, சரணத்துக்குள் நுழையும்போது அவர் ஒரு மூச்சு பின்வாங்குவார். உங்கள் ட்ரம்ஸ், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த மூச்சை விழுங்கிவிட்டது. முதலில் அவர் தனியாகப் பாடட்டும், அதைப் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் கிற்றார் பிறகு வரட்டும். (கிற்றார் வாசிக்கிற பையன் கெட்டிக்காரன். அவனை மாற்றிவிடாதே.)

கடைசியாகக் காகித வேலை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டின் உரிமை எழுதியவரின் வாழ்நாள் முழுவதும், அதன் பின் 70 ஆண்டுகளும் இருக்கும். அவர் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தது அனுமதிப் பத்திரம் ஆகாது. பாட்டு வரியை வெட்டுவதற்கும் பதிவு செய்வதற்கும் எழுத்தில் சம்மதம் வாங்கு, வருமானத்தில் அவருக்கு என்ன பங்கு என்பதையும் அதிலேயே எழுது. கையெழுத்து வாங்கும்போது அவருடைய மகளும் பக்கத்தில் இருக்கட்டும். ஐயா எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுகிற மனிதர்.

அன்புடன்,
அண்ணன்