பேக்கோர்ட் விதி: எழுத்தில் ஒரு பதில் வேண்டும்

மாநிலப் பள்ளிக் கூடைப்பந்து விதி விளக்கக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற வார ஆட்டத்தின் அறிக்கை உங்களுக்கு வந்திருக்கும். ஃப்ரண்ட்கோர்ட்டில், அதாவது பந்து வைத்திருக்கும் அணி புள்ளி எடுக்கப் பார்க்கும் கூடை உள்ள பாதியில், கொடுத்த பாஸில் எதிரணிக்காரரின் விரல் பட்டது. பந்து எழும்பி நடுக்கோட்டைத் தாண்டிப் பறந்தது. பேக்கோர்ட்டில், அதாவது அந்த அணி காக்கும் பாதியில், நின்ற சக வீரர் தரையில் படுமுன் பிடித்தார். ஃப்ரண்ட்கோர்ட்டில் பந்தைக் கடைசியாகத் தொட்ட அணியே பேக்கோர்ட்டில் அதை முதலில் தொட்டால் குற்றம் என்ற பேக்கோர்ட் விதிப்படி என் சக நடுவர் விசில் அடித்தார். பந்து எதிரணிக்குப் போனது.

கோச் கத்தவில்லை. "இதற்கு அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிகளில் 2018-19 பருவத்திலேயே விலக்கு கொடுத்துவிட்டார்களே, பிறகு ஏன்?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால் எச்சரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். நியாயமான கேள்விக்கு எந்தச் சைகை காட்டுவது?

எதிரணி தட்டிவிட்டதால் ஃப்ரண்ட்கோர்ட்டிலிருந்து வந்த பந்தை பேக்கோர்ட்டில் இருக்கும் யாரும் எடுக்கலாம் என்பதுதான் அந்த விலக்கு. பந்து தரையில் பட்டிருக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் உங்கள் பயிற்சி வகுப்புகளில் இன்றும் பழைய கணக்குதான் ஓடுகிறது: காற்றில் இருக்கும்வரை அது ஃப்ரண்ட்கோர்ட் பந்து, ஆகவே பிடித்தவர் ஃப்ரண்ட்கோர்ட்டில் கடைசியாகவும் பேக்கோர்ட்டில் முதலாவதாகவும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டாராம். ஒரு கைக்கு இரண்டு குற்றம்! விலக்கு வந்ததே இந்த அநியாயத்தைத் தீர்க்கத்தானே?

ஆகவே கேட்கிறேன்: இந்தச் சூழலுக்கான விளக்கத்தை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழி வேண்டாம். ஒருவர் காதில் விழுந்தது இன்னொருவர் வாயில் வேறாக வருகிறது. எதிரணி தட்டிய பந்து பந்து வைத்திருந்த அணி வீரரின் காலிலும் பட்டு பேக்கோர்ட்டுக்குப் போனால் என்ன முடிவு என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். விலக்கை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் அங்கே விசிலையே மறந்துவிடுகிறார்கள்.

பார்வையாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் என்பிஏ என்ற தொழில்முறைப் போட்டியைப் பார்த்துவிட்டு வந்து, பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக எட்டு விநாடிதான் என்று கத்துவார்கள், நமக்குப் பத்து. அது அவர்கள் உரிமை. ஆனால் எங்கள் ஷூ பளபளக்க வேண்டும், சட்டையை உள்ளே விட வேண்டும் என்று தவறாமல் மின்னஞ்சல் அனுப்பும் உங்களுக்கு ஆட்டத்தின் முடிவையே மாற்றும் ஒரு விதியைப் பற்றி நான்கு வரி எழுத நேரமில்லையா? பளபளக்கும் ஷூவோடு தப்பான பக்கம் கை காட்டினால் பரவாயில்லையா?

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்று தொடங்குமுன் அந்த விளக்கத்தை எழுத்தில், எல்லா நடுவர்களுக்கும் கோச்களுக்கும் ஒரே நாளில் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் உள்ள ஒரு நடுவர்