மருந்து அடிக்க ஆள் பேசுவதற்கு முன்

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? உன் குரல் பதிவைக் கேட்டேன், மறுபடியும் கேட்டேன். உலு லங்காட்டில் கிழட்டு டுரியான் மரங்களோடு வாங்கிய அரை ஏக்கரில் புல் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது, களைக்கொல்லி மருந்து அடிக்க ஆள் பேசப் போகிறோம், அடித்துவிட்டால் ஒரே வாரத்தில் இடம் சுத்தமாகிவிடும் என்று சொன்னாய். உடனே போன் போட்டிருப்பேன், ஆனால் நாம் போனில் பேசினால் பேச்சு எங்கெங்கோ போய் கடைசியில் யார் வீட்டுக் கல்யாணம் எப்போது என்பதில் வந்து நிற்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், அண்ணனுக்கும் வாசித்துக் காட்டு.

பள்ளி விடுமுறைக்கு வந்த தங்கையின் பிள்ளைகளோடு இங்கே பினாங்கில் பாலிக் புலாவ் மலைச்சரிவில் இருக்கும் ஒரு டுரியான் தோட்டத்துக்குப் போயிருந்தோம். பூச்சிமருந்து, களைக்கொல்லி எதுவும் இல்லாமல் நடத்துகிறார்கள், வருகிறவர்களை மேலிருந்து கீழ்வரை நடக்க வைத்து எல்லாவற்றையும் விளக்குகிறார்கள், கடைசியில் பழம் உடைத்துத் தருகிறார்கள். பிள்ளைகளுக்குப் பழம்தான் கணக்கு. எனக்கோ உன் புல் பிரச்சினை மனதில் ஓடிக்கொண்டிருந்ததால் சுற்றிக் காட்டிய பெண்ணை விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே நடந்தேன். தோட்டத்து முதலாளி, அதாவது தவுக்கேயின் மகள் அவள், முன்பு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவளாம், இப்போது முழுநேரமும் தோட்டம்தான். சலிக்காமல் மலாயில் பதில் சொன்னாள், நல்ல பிள்ளை.

முதலில் புல்லைப் பற்றி. அந்தத் தோட்டத்தில் தரை தெரியவே இல்லை, செல்வி. எங்கும் கணுக்கால் அளவுக்குப் பச்சை. மிஷினை வைத்து வெட்டுகிறார்கள், வேரோடு எடுப்பதில்லை, வெட்டிய புல் விழுந்த இடத்திலேயே கிடந்து மட்குகிறது. மரத்தைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். ஈரமான புல் அடிமரத்தை ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும், டுரியானுக்குப் பெரிய எதிரியே பைட்டாப்தோரா என்கிற அந்த அழுகல் நோய்தான், ஒரு மரத்தில் பட்டை வெடித்துச் செந்நிறமாக நீர் கசிய ஆரம்பித்தால் அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு என்றாள். அப்புறம் குனிந்து புல்லடியில் கையை விட்டு ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்தாள். கறுப்பாக, பொலபொலவென்று, நடுவில் ஒரு மண்புழு நெளிந்துகொண்டு. மண்ணுக்குள் மெல்லிய வேர்கள் நூல் நூலாக ஓடின, அது புல்வேர் இல்லை, டுரியான் மரத்தின் வேர். மரம் அவ்வளவு உயரம் இருந்தாலும் சாப்பாடு எடுக்கும் வேரெல்லாம் மேல்மண்ணில்தான் இருக்கிறதாம். நீ மருந்து அடித்தால் அது போய் விழுவதும் அந்த மேல்மண்ணில்தான்.

இன்னொன்று, மலைச்சரிவு. 2017 நவம்பரில் பினாங்கில் ஒரே இரவில் கொட்டிய மழை உனக்கு நினைவிருக்கும், வெள்ளமும் மண்சரிவும் என்று தீவே நிலைகுலைந்து போனது. புல் செத்துப்போய் மண் மொட்டையாகக் கிடக்கும் சரிவில் அப்படி ஒரு மழை பெய்தால் மேல்மண் மிஞ்சாது. உங்கள் நிலமும் சரிவுதானே? கீழே ஓடை இருக்கிறது என்று நீதான் சொன்னாய். அந்த ஓடை லங்காட் ஆற்றில் போய்ச் சேரும், அந்த ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் உங்கள் பக்கம் குழாயில் விடுகிறார்கள். இதை அண்ணனிடம் கட்டாயம் சொல்.

உரக்குவியலைத்தான் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஆட்டுப் புழுக்கை, உதிர்ந்த இலை, வெட்டிய டுரியான் தோல் எல்லாம் அடுக்கடுக்காகப் போட்டு ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். டுரியான் பழத்தின் எடையில் பாதிக்கு மேல் தோல்தான், நாம் சாலையோரக் கடையில் தின்றுவிட்டுப் போடும் அந்தத் தோல் மலையெல்லாம் குப்பைக்குத்தானே போகிறது, இங்கே அது திரும்ப மரத்துக்கே போகிறது. குவியலுக்குள் ஒரு நீளக் கம்பி செருகியிருந்தது. உருவித் தொட்டுப் பார் என்று பெரியவனிடம் சொன்னாள். தொட்டவன் “ஆ” என்று கையை இழுத்துக்கொண்டான். உள்ளே 60 டிகிரி வரைக்கும் சூடு ஏறுமாம், அந்தச் சூட்டில்தான் புல் விதைகளும் நோய்க்கிருமிகளும் சாகின்றன. சூடு இறங்கினால் குவியலைப் புரட்டிப் போடுவார்கள், காற்று உள்ளே போனதும் மறுபடி ஏறும். சாமான்கள் எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை, ஆனால் புரட்டுவதற்கு ஆள் வேண்டும். இந்த ஆள் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

வௌவால் விஷயம் கேள், இது உனக்காகவே சொன்னது போல இருந்தது. டுரியான் பூ சாயங்காலம்தான் விரியும், இரவில் தேன் சுரக்கும், விடிவதற்குள் இதழும் மகரந்தமும் கொட்டிவிடும். அந்த ஓர் இரவுக்குள் மகரந்தம் மரம் விட்டு மரம் போயாக வேண்டும், அதைச் செய்வது பெரும்பாலும் தேன் குடிக்கிற வௌவால்கள். பல ரகங்களுக்குத் தன் பூவின் மகரந்தத்தாலேயே சரியாகக் காய் பிடிக்காது, வேறு ரக மரத்திலிருந்து வர வேண்டும். அதனால்தான் இவர்கள் ஒரே ரகமாக வைக்காமல் ஆங் ஹே, ஹோர் லோர், கப்ரி, D604 என்று கலந்து வைத்திருக்கிறார்கள், நடுநடுவே விதையிலிருந்து வளர்ந்த கிழட்டுக் கம்போங் (கிராமத்து நாட்டு ரக) மரங்களையும் விட்டு வைத்திருக்கிறார்கள். இப்போது எல்லோரும் காட்டை வழித்துவிட்டு மூசாங் கிங் என்ற ஒரே ரகத்தை மட்டும் நடுகிறார்களே, அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

உனக்காகச் சொன்னது என்றேன் அல்லவா, அது இதுதான். பத்துமலைக் குகைகளில் அந்த வௌவால் இனம் இருக்கிறது. 1970களில் அங்கே ஆய்வு செய்தவர்கள், அவை கடலோர அலையாத்திக் காட்டுப் பூக்களைத் தேடி 30 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து போய்வருவதைக் கண்டறிந்தார்கள். டுரியான் வருஷத்தில் சில வாரங்கள்தான் பூக்கிறது, மிச்ச நாளெல்லாம் அவற்றுக்குச் சாப்பாடு வேண்டுமே. அப்படியானால் உலு லங்காட்டில் உங்கள் கிழட்டு மரங்களில் இரவில் தேன் குடிக்க வருவது நம் முருகன் மலையில் குடியிருக்கும் வௌவாலாகக்கூட இருக்கலாம். தைப்பூசத்துக்கு எத்தனை வருஷம் அந்தப் படியில் ஏறியிருக்கிறோம், அங்கே தொங்குகிற ஜீவன்தான் டுரியான் காய்க்க வைக்கிறது என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வை. வௌவால் வந்தால் பூவைக் கெடுக்கிறது என்று யாராவது வலை கட்டச் சொன்னால் கேட்காதே.

பகலில் வேலை செய்யக் கொசுத்தேனீ வளர்க்கிறார்கள், மலாயில் கெலுலுட். மரக்கட்டையின் மேல் பெட்டி, திறந்தால் கறுப்பு மெழுகில் சின்னச் சின்னக் குடுவைகள். ஸ்ட்ராவைக் குடுவைக்குள் குத்தி உறிஞ்சச் சொன்னாள், தேன் புளிக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜாதிக்காய் மரமும் சில இருந்தன. ஆண், பெண் என்று தனித்தனி மரமாம், பூக்கும்வரை எது எது என்று தெரியாதாம். கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்து தீவு முழுக்க நட்டதும், 1860 வாக்கில் நோய் வந்து எல்லாம் அழிந்ததும் பெரிய கதை. ஒரே பயிரை வரிசையாக நட்டால் இந்தத் தீவில் முன்பே என்ன நடந்தது என்பதற்கு அது போதும்.

இனி நான் உண்மையில் எழுத வந்ததற்கு வருகிறேன். நாற்றுப் பந்தலில் ஓர் அக்கா ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். சுங்கை பட்டாணி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், நம்மைப் போல. தமிழில் பேசினதும் முகம் மலர்ந்துவிட்டது. பேச்சுவாக்கில் “நானும் பத்து வருஷத்துக்கு மேல மருந்து அடிச்சவதான்மா” என்றார். கையை நீட்டிக் காட்டினார். நகங்கள் சரியாகத்தான் இருந்தன, வலது கட்டைவிரல் நகம் மட்டும் பள்ளம் விழுந்து, பாதியில் நின்று, தடித்துப்போய் இருந்தது. அப்படி ஒரு நகத்தை நான் தினமும் பார்த்து வளர்ந்தவள். நீயும்தான்.

உன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே கேங்கில் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு போனார்கள். மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. பம்பு ஒழுகி முதுகெல்லாம் நனைந்து வருவார்கள், நீலப் பச்சை நிறம், அந்த நாற்றம் சோறு போடும்போதும் கையில் இருக்கும். உன் அம்மாவுக்கு மூக்கில் ரத்தம் வந்த நாள்களில் உன்னைத்தான் கடைக்கு அனுப்புவார்கள். அது என்ன மருந்து என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. பின்னால்தான் தெரிந்தது, பாராகுவாட். நகம் உதிர்வது, மூக்கில் ரத்தம், தோல் வெந்துபோவது எல்லாம் அதன் வேலை. 2002இல் அரசாங்கம் தடை என்றது, 2006இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. பெண் தொழிலாளர்களுக்காகப் பேசும் தெனகனித்தா, பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எல்லாம் அதற்காக எவ்வளவு காலம் கத்தியிருக்கிறார்கள். மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள் என்பதால்தான் இத்தனை வருஷம் இழுத்தது என்று நான் நினைக்கிறேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது விற்பது அது இல்லை, கிளைபோசேட், வேறு சிலது. அதெல்லாம் பாராகுவாட் மாதிரி இல்லை என்பார்கள், சரி, அந்த அளவுக்கு உடனே கொல்லாது. ஆனால் கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் வகைப்படுத்தியிருக்கிறது, மற்ற நாடுகளின் சில அமைப்புகள் அதை ஏற்கவில்லை, வாதம் நடக்கிறது. எனக்கு அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நீ பேசப் போகிற ஆள் யார், செல்வி? ஒரு வங்காளதேசத்துப் பையனோ, பக்கத்துக் கம்போங்கில் ஓர் ஏழையோ, சட்டைக்கு மேல் ஒன்றும் போடாமல் வந்து அடிப்பான். அந்த இடத்தில் நம் அம்மாக்களை நிறுத்திவிட்டு நாம் குடை பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பதை என்னால் நினைக்க முடியவில்லை.

ஆள் விஷயம் என்றேனே. மருந்து அடித்தால் ஒருவர் ஒரு காலையில் முடிப்பதை, வெட்டினால் பல பேர் செய்ய வேண்டும், அதுவும் மழைக்காலத்தில் திரும்பத் திரும்ப. அந்தக் கூலிக்காகத்தான் பழ விலையும் கட்டணமும் கூடுதல் என்று தவுக்கேயின் மகள் ஒளிக்காமல் சொன்னாள், விவசாய இலாகாவின் மைஓர்கானிக் சான்றுக்குப் பதிவேடு எழுதுவதே தனி வேலை என்றாள். விலை எனக்கு உறுத்தத்தான் செய்தது. நம் தோட்டத்து ஜனம் ஒரு குடும்பமாகப் போய்ச் சாப்பிட முடியாத விலை, மண்ணை இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்துக்கு நம் பிள்ளைகள் பள்ளிப் பயணமாகவாவது வர வழி வேண்டும். அதையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், தமிழ்ப்பள்ளிகள் கேட்டால் சலுகை தருவோம் என்றாள். நம் பழைய பள்ளித் தலைமையாசிரியைக்கு எழுதப் போகிறேன்.

ஆனால் உனக்கு அந்தக் கணக்கு கிடையாது. அரை ஏக்கர்தான், விற்கிற எண்ணமும் இல்லை. புல் வெட்டும் மிஷினை வாடகைக்கு எடுத்து அண்ணனும் தம்பியும் இரண்டு சனிக்கிழமை இறங்கினால் போதும், நீளக் கால்சட்டையும் பூட்ஸும் கண்ணாடியும் கட்டாயம். ஓடைப் பக்கம் உள்ள புல்லை மட்டும் தொடாதே, அப்படியே விடு, மண்ணைப் பிடித்துக்கொள்ளட்டும். மரத்தைச் சுற்றி ஒரு கை நீளம் ஒதுக்கிவிட்டு மிச்ச இடத்தில் வெட்டிய புல்லைப் பரப்பு. புதிதாக நடுவதென்றால் மரத்துக்கு மரம் 10 மீட்டர் விட வேண்டும், ஆகவே இருக்கிற மரங்களோடு சேர்த்து இருபதுக்கு மேல் வைக்கப் பார்க்காதே, ரகம் கலந்து வை. ஒட்டுக்கன்று அந்த அக்காவிடமே வாங்கித் தருகிறேன், விலையைக் கேட்டுவிட்டேன், நியாயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை கடைசிவரை இங்கே பழம் இருக்கும் என்கிறார்கள். அதற்குள் எல்லோரும் கிளம்பி வாருங்கள், நம் வீட்டில்தான் தங்க வேண்டும், ஓட்டல் பேச்செல்லாம் வேண்டாம். அம்மாவையும் கூட்டி வா, மேலே ஏற முடியாவிட்டாலும் நாற்றுப் பந்தல்வரை கார் போகிறது, அந்த அக்காவோடு பேசிக்கொண்டிருக்கட்டும். அண்ணனிடம் கேட்டு எந்த வாரம் தோது என்று சொன்னால் நான் தோட்டத்தில் பதிவு செய்துவிடுவேன், சனி ஞாயிறு சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. மருந்து ஆளுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதைப் புல் வெட்டுகிற கூலியாகக் கழித்துக்கொள்ளச் சொல்லிப் பார்.

அன்புடன்,
உன் தோழி
பினாங்கிலிருந்து