ஏற்காட்டுக் குளிரில் ஒரு ரப்பர் பேண்ட்

சேலம்,
மாசி மாதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காப்பிப் பழம் பறிப்பு முடிந்து, ஆட்களுக்குக் கூலி தீர்த்துவிட்டாய் என்று படித்ததும் எனக்கே பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இங்கே வெயில் இப்போதே சுள்ளென்று அடிக்கிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விட வேண்டியிருக்கிறது.

வகுப்பில் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். கொஞ்ச நாளாக ரப்பர் பேண்டில் எடை தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறோம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஹூக் விதி நடத்தினேன். எடை இரண்டு மடங்கானால் நீட்சியும் இரண்டு மடங்கு என்று ராபர்ட் ஹூக் 1678-இல் அச்சில் எழுதிவைத்தது. சுருள்வில் அதற்குப் பணிந்து நடக்கும்; கிராஃப் தாளில் நேர்கோடு வந்துவிடும். பிள்ளைகளும் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அதற்கு மேல் அவர்கள் எதையும் நின்று பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல். அதனால் சுருள்வில்லை எடுத்துவிட்டு, பூக்கடையில் பொட்டலத்துக்குப் போடுகிற ரப்பர் பேண்டை ஆணியில் மாட்டினேன்.

ஏற்பாடு எளிதுதான். பேண்டின் அடியில் வளைத்த கம்பிக் கொக்கி, அதில் ஒரு லிட்டர் காலி பாட்டில், பின்னால் சுவரில் ஒட்டிய ஸ்கேல். எடைக்கல்லே வேண்டாம். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். ஐம்பது மில்லி சிரிஞ்சால் ஊற்ற ஊற்ற எடை தானாகக் கூடும். முதல் ஐம்பதுக்கு அரை சென்டிமீட்டர்தான் இறங்கியது. பாதி பாட்டிலைத் தாண்டிய பிறகு அதே ஐம்பதுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல். பாட்டில் நிறையும் சமயத்தில் மறுபடி விறைத்துக்கொண்டது. கோடு முதலில் படுத்து, நடுவில் எழுந்து, கடைசியில் மீண்டும் படுத்தது. ஒரு பையன் அழிப்பானை எடுத்துப் புள்ளிகளை நேர்கோட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தப் பார்த்தான். கையைப் பிடித்துக்கொண்டேன். நீ அளந்ததை நீயே அழித்துவிட்டால் அப்புறம் யாரை நம்புவாய் என்று கேட்டேன். இந்த ஒரு விஷயம் பிள்ளைகள் மனதில் பதிந்தால் போதும் எனக்கு; பாடத்தை எப்படியும் படித்துக்கொள்வார்கள்.

தண்ணீரை ஊற்றிவிட்டு உடனே அளக்கக் கூடாது. பாட்டில் நின்ற மாதிரி இருக்கும். ஸ்கேலில் கண்ணை வைத்துக்கொண்டே இருந்தால், அது மயிரிழை மயிரிழையாக இறங்கிக்கொண்டிருப்பது தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் கழித்து அளப்பது என்று வைத்துக்கொண்டோம். பிறகு சிரிஞ்சாலேயே தண்ணீரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தோம். போகும்போது எந்த எடைக்கு எந்த நீளமோ, வரும்போது அதே எடைக்கு அதைவிட அதிக நீளம்! இரண்டு கோடுகளும் சேர்ந்து நடுவில் ஒரு இலை வடிவம். அந்த இலையின் பரப்புதான் ரப்பருக்குள் சூடாகிக் கரைந்துபோன ஆற்றல் என்று சொன்னபோது, பின் பெஞ்சு கூட எழுந்து வந்து பார்த்தது.

சூடு என்றதும் ஜான் காஃப் கதையைச் சொன்னேன். இங்கிலாந்துக்காரர், அம்மை போட்டுச் சிறு வயதிலேயே பார்வை போனவர். 1802-இல் அவர் ஒரு ரப்பர் துண்டை உதட்டோரம் வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்தார், சூடு தெரிந்தது. தளரவிட்டார், குளிர்ந்தது. கண் இல்லாத மனிதர் உதட்டால் கண்டுபிடித்ததை, 1859-இல் ஜேம்ஸ் ஜூல் என்ற இயற்பியலாளர் கருவி வைத்து அளந்து உறுதிப்படுத்தினார். கொஞ்சம் அகலமான பேண்டாக எடுத்து நீயும் செய்து பார். எனக்கு ஒவ்வொரு தடவையும் அது புதிதாகவே இருக்கிறது.

காஃப் இன்னொன்றும் கவனித்தார். எடை தொங்கும் ரப்பரைச் சூடாக்கினால் அது சுருங்கும். முடி உலர்த்தும் டிரையரைக் காட்டினேன், பாட்டில் மேலே ஏறியது. இரும்புக் கம்பியாக இருந்தால் நீண்டிருக்கும். காரணம் ரப்பரின் உள்ளமைப்பு. சிக்கு விழுந்த தறிநூல் போல நீண்ட மூலக்கூறு இழைகள். அவற்றை ஆங்காங்கே கந்தகம் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது (1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கண்ட வழி). வெப்பத்தால் அந்த இழைகள் ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கின்றன. நாம் இழுத்தால் வரிசையாகின்றன, விட்டால் நெளிந்து பழைய குழப்பத்துக்கே போகின்றன. சூடு கூடினால் நெளிவு கூடும், பேண்ட் இன்னும் பலமாக மேலே இழுக்கும். எஃகின் மீட்சி அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பிலிருந்து வருகிறது. ரப்பரின் மீட்சியில் பெரும்பகுதி இந்த வெப்ப நெளிவிலிருந்து வருகிறது.

இனி உனக்கு ஒரு வேலை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி நீ எங்களைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறாய். அங்கே புவியீர்ப்பு ஒரு பொடி குறைவு, பத்தாயிரத்தில் நான்கு பங்கு அளவுக்கு. அறுநூறு கிராம் தொங்கவிட்டால் கால் கிராம் குறைந்த மாதிரி. அதை நம் ஸ்கேல் காட்டாது. ஆனால் குளிர் காட்டும். இங்கே மதியம் 35 டிகிரி, உன் வீட்டுப் பின்கட்டில் விடியற்காலை 15 டிகிரி என்று வை. அதே பேண்ட், அதே தண்ணீர், அங்கே சில மில்லிமீட்டராவது கூடுதலாக இறங்கித் தொங்க வேண்டும். எடை இம்மியளவு குறைந்திருக்கும், நீளமோ கூடியிருக்கும்! பிள்ளைகள் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதுதான் சரி, அளந்து வந்தால் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் அளந்த அதே பேண்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். புது பேண்ட் முதல் சில இழுப்புகளில் விறைப்பு இழக்கும் என்பதால், இதை ஏற்கெனவே நன்றாக இழுத்துப் பழக்கிவிட்டோம். வெயில் படாமல் வை. வெயில் பட்டால் ரப்பர் வெடித்துப் போகும். இருநூறு, நானூறு, அறுநூறு மில்லிக்கு அளந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் பொறு. காலி பாட்டில் எங்களுடையதைப் போலவே இருபது கிராம் இருக்கட்டும். உங்கள் காப்பித் தராசில் பார்த்துக்கொள். நீளத்தோடு அந்த நேரத்து வெப்பநிலையையும் எழுது. தோட்டக்காரர் சனிக்கிழமை சந்தைக்கு இறங்கும்போது அவரிடமே சீட்டைக் கொடுத்தனுப்பு, திங்கட்கிழமை வகுப்பில் உன் புள்ளிகளையும் அதே தாளில் வைக்கப்போகிறோம்.

அன்புடன்,
உன் தோழி