பிள்ளையை ஒப்படைக்கும் முன் பேச வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசிய ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிய காலத்தில், விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தையைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் எங்கள் பாடாங் செராய் போன்ற ஊர்களின் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியேறிய பிறகு, கூலிம் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் பஸ் ஏறும் பெண்கள், பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்விக்குத் தாங்களே விடை தேட வேண்டியிருக்கிறது. 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 98 நாளாக உயர்ந்திருந்தாலும், அது முடியும்போது குழந்தைக்கு அப்போதுதான் கழுத்து நிற்கத் தொடங்கியிருக்கும். விடுப்பின் கடைசி வாரத்தில் அலைந்தால் கிடைத்த இடத்தில் விடும்படி ஆகிவிடும் என்பதால், வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே விசாரிக்கத் தொடங்குவது நல்லது.

1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரையோ அதற்கு மேற்பட்டோரையோ கட்டணம் பெற்றுப் பார்த்துக்கொள்ளும் இடம், அது குடியிருக்கும் வீடாகவே இருந்தாலும், சமூகநல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேட்பது பெற்றோரின் உரிமை. வருமான வரி கட்டுவோர் 3,000 ரிங்கிட் வரை கட்டணத்துக்கு விலக்குக் கோருவதும் பதிவு பெற்ற மையமாக இருந்தால்தான் முடியும். ஆனால் எங்கள் ஊரில் பல பிள்ளைகள் வளர்வது, இரண்டு மூன்று குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காக்களிடம். அந்த வீடுகள் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அங்கே எந்த அதிகாரியும் சோதனைக்கு வரமாட்டார். பெற்றோர் தாங்களே பார்த்து, கேட்டு, தெளிவு பெற வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நம்மவர்களுக்கோ கேட்பதற்கே கூச்சம். “தெரிந்த அக்காதானே, கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வாரோ” என்று தயங்கி, பல் முளைக்காத பிள்ளையை ஒப்படைத்துவிட்டு நாள் முழுவதும் தொழிற்சாலையில் மனம் பதைக்கிறோம். பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. “அக்கா, பிள்ளை விடாமல் அழுதால் என்ன செய்வீங்க? தூங்கும்போது எப்படிப் படுக்க வைப்பீங்க? நீங்க கடைக்குப் போகணும்னா வீட்டில் யார் இருப்பாங்க?” என்று கேட்டால் நிலவரம் தெரிந்துவிடும். கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தூங்க வைப்பதற்காக எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது என்ற இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர் என்று மையங்களுக்கு விதித்திருக்கும் அளவு வீடுகளுக்கும் நல்ல அளவுகோல்தான். வேலை நேரத்துக்கு இடையே ஒருநாள் சொல்லாமல் போய்ப் பார்ப்பதை, சந்தேகம் என்று நல்ல பராமரிப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

அதே வேளையில், பெற்றோரின் கடமையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை என்பது என் மனக்குறை. மாதச் சம்பளத்தை இழுத்தடிப்பது, ஓவர்டைம் என்று சொல்லாமல் இரவு எட்டு மணிக்கு வந்து நிற்பது, பேம்பர்ஸ் தீர்ந்த பிறகும் வாங்கிக் கொடுக்காமல் விடுவது ஆகியவை அந்த அக்காவின் பொறுமையைத் தின்றுவிடும். அதன் பாதிப்பு பிள்ளையிடம்தான் வந்து சேரும். கட்டணம் எந்தத் தேதியில், தாமதமானால் மணிக்கு எவ்வளவு, தீபாவளி விடுமுறை எத்தனை நாள் என்பவற்றை முதல் நாளே ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொண்டால் பிற்பாடு மனக்கசப்புக்கு இடமில்லை. இரவு காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பாராசிட்டமால் கொடுத்துச் சூட்டைத் தணித்துவிட்டு, காலையில் ஒன்றும் சொல்லாமல் விட்டுச் செல்வது பெருந்தவறு. கை, கால், வாய்ப்புண் நோய் ஒரு பிள்ளைக்கு வந்தால் அந்த வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் எளிதில் தொற்றும். கொப்புளங்கள் காயும்வரை பிள்ளையை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பராமரிப்பாளர், குளிர்பெட்டியின் மேல் பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்திருக்கிறார். பால் குடித்தது 9.10, ஐந்து அவுன்ஸ். தூங்கியது 10 முதல் 11.20, வயிற்றுப்போக்கு ஒரு தடவை, வலது முழங்காலில் சிராய்ப்பு, வாசற்படியில் விழுந்தது. தாய் மாலையில் அதைப் படித்துவிட்டு, வீட்டில் நடந்ததை மறுநாள் காலை அடியில் எழுதிக் கொடுக்கிறார். சிராய்ப்பைப் பார்த்து எப்படி வந்தது என்று முகம் சுளித்துக் கேட்கும் நிலை அங்கே வருவதில்லை. ஆனால், காரணம் சொல்ல முடியாத காயம் பிள்ளையின் உடலில் இருந்தால், உறவு கெடுமே என்று மௌனம் காக்காமல், கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, 15999 என்ற தாலியான் காசே (Talian Kasih) அரசு உதவித் தொலைபேசி எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தைப் பராமரிப்புக்கும் முதலுதவிக்குமான பயிற்சியை, இந்த அக்காக்கள் கலந்துகொள்ள வசதியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் மண்டபத்திலேயே தமிழில் நடத்த சமூகநல இலாகாவையும் சுகாதார இலாகாவையும் அணுகுங்கள். பயிற்சி பெற்றவர்களின் பட்டியலை, அவர்களின் சம்மதத்தோடு, பள்ளி அலுவலகத்தில் வைத்தால் புதிதாகக் குடிவரும் குடும்பங்களும் அவர்களைத் தேடிச் செல்ல முடியும்.

இப்படிக்கு,
வாசகி,
பாடாங் செராய், கெடா.