மிதவை சுவிட்ச் வழியாக மோட்டரை ஓட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் மேல் தாங்கி நிரம்பி வழிய, கீழே மோட்டர் நிற்காமல் ஓடுவது சாதாரணமாகிவிட்டது. தாங்கி நிரம்பியதும் மோட்டரை நிறுத்தவேண்டிய மிதவை சுவிட்ச் பழுது என்று புதிதாக ஒன்று வாங்கிப் போடுகிறார்கள். கொஞ்சக் காலத்தில் அதுவும் போகிறது. பெரும்பாலும் பிழை வயரிங்கில்தான்: மோட்டரின் மின்னோட்டம் முழுவதும் அந்தச் சுவிட்ச் வழியாகவே போகிறது.

காந்த மிதவை சுவிட்சின் தண்டுக்குள் இருப்பது ரீட் சுவிட்ச். சிறு கண்ணாடிக் குழாய்க்குள் மயிரிழை இடைவெளியில் இரண்டு மெல்லிய தகடுகள். மிதவையின் காந்தம் நெருங்கினால் ஒட்டும், விலகினால் பிரியும். சிறிய வகைகள் தாங்குவது 10 வாட், 0.5 அம்பியர் அளவே. ஒரு குதிரைவலு மோட்டரோ 230 வோல்ட்டில் 5, 6 அம்பியர் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதன் நாலைந்து மடங்கு. தகடுகள் உருகி ஒட்டாமல் என்ன செய்யும்? தண்டைத் தட்டினால் சிலவேளை பிரிந்து மோட்டர் நிற்கும், வேலை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். தட்டினால்தான் பிரியும் சுவிட்சைக் கழற்றி எறியுங்கள். கேபிளில் தொங்கும் பெரிய மிதவைகள் வேறு வகை. அவற்றுள் சில மோட்டரை நேரடியாகத் தாங்கும். அந்தப் பழக்கம்தான் வயர்மேன்களை ஏமாற்றுகிறது.

மிதவை வழியே சிறு மின்னோட்டம் மட்டும் போகச் செய்யத் தேவையானவை 24 வோல்ட் டி.சி. பவர் சப்ளை, இரண்டு தொகுதித் தொடுகைகள் உள்ள 8 கால் ரிலே (சுருளில் சிறு மின்னோட்டம் பாய்ந்தால் இயங்கும் சுவிட்ச்), மோட்டருக்கு ஏற்ற கொண்டாக்டர் (மோட்டரின் மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய ரிலே). புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் தேடலாம். மேல் தாங்கியில் இரண்டு மிதவைகள் வையுங்கள்: ஒன்று வழிகுழாய்க்கு 5 சென்ரிமீற்றர் கீழே, மற்றது பாதி உயரத்துக்குக் கீழே. ஒன்றை மட்டும் வைத்தால் ஒரு வாளி தண்ணீர் இறங்கினாலே மோட்டர் எழும்பும். மேல் மிதவை, கீழ் மிதவை, ரிலே சுருள் மூன்றும் தொடராக வரட்டும். கீழ் மிதவைக்குச் சமாந்தரமாக ரிலே இயங்கும்போது மூடும் ஒரு தொடுகையைக் கொடுத்தால், தாங்கி நிரம்பும்வரை ரிலே தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். மற்றத் தொடுகை கொண்டாக்டரை இயக்கும். நிலக்கீழ்த் தாங்கியிலும் ஒரு மிதவையை அதே தொடரில் சேருங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டர் எரிவது நிற்கும். ரிலே சுருளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோட், கோடுள்ள முனை நேர்ப்பக்கம். இது இல்லாவிட்டால் சுருள் அணையும்போது எழும் மின்னழுத்தமே ரீட்டை மெல்லத் தின்றுவிடும்.

பழைய இரும்புக் குழாய் உள்ள கட்டடங்களில் துருத்துகள் மிதவைக் காந்தத்தில் படிந்து, மிதவை தண்டிலேயே சிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கழற்றிக் கழுவுங்கள். திரும்பப் போடும்போது மிதவை தலைகீழானால் பல வகைகளில் செயலும் தலைகீழாகும்: நிரம்பியதும் மோட்டர் தொடங்கும். இணைக்குமுன் மல்டிமீட்டரை, சுற்று மூடியிருந்தால் ஒலிக்கும் நிலையில் வைத்து மிதவையைக் கையால் உயர்த்திப் பாருங்கள். மேல் தாங்கி மிதவைகள் இரண்டிலும் ஒலி நிற்க வேண்டும், நிலக்கீழ்த் தாங்கி மிதவையில் தொடங்க வேண்டும்.

மின் பராமரிப்பாளர்,
வெள்ளவத்தை