மேற்கு வளவு பற்றி உனக்கு

உரும்பிராய், யாழ்ப்பாணம்
29.08.2022

தம்பி ராசா,

நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடிந்துவிட்டன. உன் பெயருக்கும் மருமகள் பெயருக்கும் பேரன் பெயருக்கும் அர்ச்சனை செய்தேன். படம் அனுப்பினேன், நீ பார்த்ததாக நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. வேலை கூடவாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரவு வேலை என்றாலும் சோற்றை விடாதே, தேத்தண்ணியோடும் பாணோடும் நாளைக் கடத்தாதே.

நான் எழுத வந்தது மேற்கு வளவு பற்றி. வேறு யாரும் சொல்லி நீ அறியக் கூடாது, நானே சொல்ல வேண்டும். அந்த நாலு பரப்புக் காணியிலும் இப்போது தோட்டம் நிற்கிறது. எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை, ஒழுங்கையில் இருக்கிற ஏழு குடும்பம் சேர்ந்து செய்கிறோம். ஆனி மாதம் தொடங்கினோம். தொடங்க முதல் உன்னிடம் கேட்கத்தான் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. பிறகு 'அம்மா பிறகு கதைக்கிறன்' என்று ஒரு வரி போட்டாய், அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

இங்கே இந்த வருஷம் பட்டதை நீ செய்தியில் பார்த்திருப்பாய். போன வருஷம் மே மாதம் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் திரும்ப விட்டார்கள், அதற்குள் காலபோக நெற்செய்கை விழுந்துவிட்டது. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மருதனார்மடம் சந்தைக்குப் போனால் கத்தரிக்காய் விலையைக் கேட்டுவிட்டுச் சும்மா திரும்புகிற சனம். ஆனியில் அரச உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் வையுங்கள் என்றார்கள். முன்வீட்டுப் பிள்ளை பிரதேச செயலகத்தில்தானே வேலை, முதல் வெள்ளிக்கிழமையே படலையில் வந்து நின்று, "ரீச்சர், ஒரு பரப்புக்குள்ள வீடும் கிணத்தடியும் போக எங்களுக்கு மண் எங்கே இருக்கு, எங்கே வைக்கிறது" என்று கேட்டாள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. மேற்கு வளவைக் காட்டினேன்.

அந்த வளவு கிடந்த கிடையை நீ பார்க்கவில்லை. முழுக்கப் பார்த்தீனியம், இடுப்பளவுக்கு. அதைப் பூக்க முதல் வேரோடு பிடுங்க வேண்டும், பூத்த பிறகு தொட்டால் விதை எல்லா இடமும் போய்விடும். கையில் சொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு பிடுங்கினோம், அப்படியும் இரண்டு பேருக்குத் தோல் கடித்துச் சிவந்தது. மாடும் ஆடும் வராமல் கிளுவைக் கதியால் போட்டு வேலி அடைத்தோம். யூரியா மூட்டை தொடுகிற விலையில் இல்லை, அதனால் அப்பு காலத்து மாதிரிக் குழை தாழ்த்தினோம். பூவரசம் குழையும் கிளிசரியாக் குழையும் வெட்டிக் கிடங்கில் போட்டு மண்ணால் மூடி, அதன் மேல் பாத்தி. பின்வளவு மாமா தன் ஆடுகளைக் கொஞ்ச நாள் இரவில் அங்கேயே பட்டி அடைத்தார், எருவுக்காக. பசளையை அப்படி ஒரே இரவில் நிறுத்தினது பிழைதான், சனத்தைக் கொன்றுவிட்டார்கள். ஆனால் நாங்கள் கொட்டினதும் கொஞ்சமில்லை ராசா. ஆறு இல்லாத ஊர், கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல், மேலே போடுகிறது எல்லாம் கிணற்றுக்குத்தான் போகும், அதைத்தான் குடிக்கிறோம். இதை நான் படிப்பித்த காலத்திலும் சொன்னேன், உன் வகுப்புக்கும் சொன்னேன்.

தண்ணீர் விஷயம்தான் பெரிய விஷயம். அது பங்குக் கிணறு என்பது உனக்குத் தெரியும், காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் என்று எழுதிக் கிடக்கிறதே, அந்தக் கிணறு. பழைய முறையையே திரும்பக் கொண்டு வந்தோம், இன்ன நாள் இன்னார் இறைப்பு என்று. கரண்ட் வருகிற நேரம் பார்த்து முறைக்காரர் வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போகும். இதில் ஒரு சண்டையும் வந்தது, யார் என்று எழுதவில்லை, இப்போது இருவரும் கதைக்கிறார்கள். மண்ணெண்ணெய் இந்த மாதம் 87 ரூபாவில் இருந்து 340 ஆகிவிட்டது, வெங்காயச் செய்கைக்காரர் மெஷினைப் பூட்டி வைத்துவிட்டு இருக்கிறார்கள். எங்களிடம் நீ காசு அனுப்பிப் போட்ட மோட்டர் இருக்கிறது. அந்த மோட்டர்தான் ஏழு வீட்டுப் பாத்திக்கும் இறைக்கிறது, கிணற்றடிக்கு யார் வந்தாலும் அதை நான் சொல்லாமல் விடுவதில்லை. 'ரீச்சரின்ர மகன் போட்டது' என்று ஒழுங்கை முழுக்கத் தெரியும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பாத்தி. வடக்கு வேலியோரம் மட்டும் பொது, அதில் முருங்கையும் பசளியும் முளைக்கீரையும், யாரும் ஆயலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை. ஏழு வீட்டுக் கணக்கில் வராத மூன்று வீட்டுக்காரரும் அதில்தான் ஆய்கிறார்கள். மூலை வீட்டுப் பெரியம்மாவுக்குக் குனிய முடியாது, அவ வாங்கில் இருந்துகொண்டே நாற்றுப் பார்க்கிறா. கத்தரியில் எந்தக் குருத்து வாடினாலும் முதலில் அவவின் கண்ணுக்குத்தான் தெரியும். வாடின நுனியைக் கிள்ளிப் பிளந்து பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு சின்னப் புழு சுருண்டு இருக்கும், அதை அப்போதே நசுக்கிவிட்டால் காய்க்குள் போகாது. மருந்தடிக்காமல் இவ்வளவு கத்தரிக்காய் வந்தது அந்த மனிசியால்தான். வெண்டி ஒன்றுவிட்ட ஒரு நாள் ஆய்கிறோம். பயற்றை இப்போதுதான் தொங்கத் தொடங்கியிருக்கிறது. மாரி தொடங்க முதல் மிளகாய்க் கன்றும் நட வேண்டும், இங்கே பக்கத்தில் திருநெல்வேலியில் நாற்றுக் கேட்டிருக்கிறோம். மரவள்ளியில் மட்டும் இப்போதைக்குக் கிழங்கு இல்லை, அதைக் கிண்டுவது அடுத்த சித்திரைக்குத்தான்.

சித்திரை வரைக்கும் அந்த நிலத்தை யாரும் தொடக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அது உன்னுடையது, உன்னுடையதும் அக்காவுடையதும்.

ஆடியில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து வேலிக்கு வெளியே நின்று நீளம் அகலம் பார்த்தார். அப்பா யார் என்று கேட்க, கனடாவில் இருந்து சொல்லி அனுப்பினார்கள் என்றார். அப்பா உள்ளே வந்து ஒன்றும் கதைக்கவில்லை, பிறகு இரவு, பிரிக்காத பங்கென்றால் எங்கட யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் பங்குக்காரருக்கு முதல் அறிவிக்க வேணும் என்று மட்டும் சொன்னார். நான் சட்டம் கதைக்க எழுதவில்லை தம்பி. விற்கிறதென்றால் வில், உன் காணி. தோட்டம் செய்கிற ஆட்களிடம் 'இது மகன்ர காணி, எப்ப கேட்டாலும் விட வேணும்' என்று முதல் நாளே சொல்லித்தான் இறக்கினேன், எல்லோரும் சரி என்றார்கள். ஆனால் அது ஒரு அந்நியன் வாயால் எங்களுக்கு வந்திருக்க வேண்டாம். அப்பா அந்தக் காணியை எப்படி வாங்கினார் என்பது உனக்குச் சொல்லத் தேவையில்லை.

சாப்பிடுகிறாயா? போன வருஷம் இந்த நேரம் உன் வீட்டுப் பின்வளவில் பயற்றைப் பந்தல் போட்டு, பேரனைப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் அனுப்பினாய், பந்தல் அவனைவிட உயரம். இந்த வருஷம் படம் வரும் வரும் என்று பார்த்தேன். பயிர் வைக்கவில்லையா, இல்லை அந்த வீட்டில் இப்போது இல்லையா? அக்கா சொன்னாள், அங்கே ஆடியில் வங்கி வட்டியை ஒரேயடியாக 1 வீதம் ஏற்றி 2.5 ஆக்கினார்களாம், வீட்டுக் கடன் வைத்திருக்கிற சனம் எல்லாம் தவிக்கிறதாம். உன் கடன் எந்த மாதிரி என்று எனக்கு விளங்காது, அதைப் பற்றி நீ எப்போதும் எனக்குச் சொன்னதில்லை. மருமகளிடம் கேட்டால் 'சுகமாய் இருக்கிறம் மாமி' என்கிறாள், அவ்வளவுதான். அவளுடைய குரல் அப்படி இருக்கிறதில்லை.

சின்ன மாமாவின் விஷயம் மாதிரி ஆகிவிடக் கூடாது. அவரும் அப்படித்தான், எல்லோருக்கும் செய்தார், தனக்கு முடை வந்தபோது ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. நீ குணத்தில் அவர். சின்னனில் இருந்தே சொல்கிறார்கள், நான் அதைப் பெருமையாகத்தான் கேட்டிருக்கிறேன், இப்போது பயமாக இருக்கிறது.

காசு முடை என்றால் சொல்லு. என்னிடம் பென்சன் இருக்கிறது, இரண்டு சோடி காப்பு இருக்கிறது, இங்கத்தைய ரூபாய்க்கு அங்கே மதிப்பில்லை என்று தெரியும், ஆனால் இனி மாதாமாதம் எங்களுக்கு நீ அனுப்பாமல் விடலாமே. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று வைத்துக்கொள். மெய்யாகவே எங்களுக்கு இப்போது செலவு குறைவு. மரக்கறிக்குச் சந்தைக்குப் போகிறதே இல்லை, மீனும் அரிசியும் எண்ணெயும்தான். அப்பாவின் மருந்துக்குப் பென்சன் காணும். போன மாதம் நீ அனுப்பினதை நான் தொடவில்லை, அப்படியே வங்கியில் இருக்கிறது, திருப்பி அனுப்பட்டா? கோபிக்காதே. உனக்கு ரோசம் வரும் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

காணியை விற்றால்தான் அந்தக் கடன் தீரும் என்றால் அதையும் நேரே சொல்லு. அக்காவோடு நான் கதைக்கிறேன், அப்பாவோடும் நான் கதைக்கிறேன். ஒழுங்கைச் சனத்துக்கு வேறு இடம் பார்க்கலாம், கோயில் காணி ஒன்று சும்மா கிடக்கிறது, தர்மகர்த்தாவிடம் கேட்டால் தருவார். மரவள்ளியைத் தடியாக வெட்டி அங்கே கொண்டுபோய் நடலாம். நிலம் மாறினாலும் இந்தச் சனம் இனிப் பிரியாது. சந்தியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன ஆட்கள் இப்போது ஒருவர் வீட்டு அடுப்பில் மற்றவர் உலை வைக்கிறார்கள், காஸ் இல்லாத கிழமையில் அப்படித்தான் சமைத்தோம். நீ கடன் என்று சொன்னால் இந்த ஏழு வீட்டில் ஒருவரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். நான் நினைப்பேனா?

விற்கிறது விற்காதது பிறகு. முதலில் சாப்பிடு, நித்திரை கொள், பேரனோடு கொஞ்சம் விளையாடு. புரோக்கர் கேட்டால் அம்மாவோடு கதைக்கச் சொல்லு.

வருகிற ஞாயிறு எங்கள் நேரம் இரவு எட்டு மணி, உனக்குக் காலை பத்தரை. அந்த நேரம் கரண்ட் இருக்காது என்று அட்டவணையில் போட்டிருக்கிறார்கள், ஆனால் போனைப் பின்னேரமே சார்ஜ் போட்டு வைத்துவிடுவேன். வீடியோவில் வர விருப்பம் இல்லாவிட்டால் குரலில் மட்டும் வா. அப்பா பக்கத்தில் இருக்க மாட்டார், அந்த நேரம் எங்கள் இறைப்பு முறைக் கணக்கு எழுத முன்வீட்டுக்குப் போவார்.

அம்மா